சகலனின் மகனுக்காக ஏற்றிய மெழுகுதிரி

என் மகள் ஷாமினியைப் பல்கலைக்கழகத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று மாத்தளையில் பகல் முழுவதும் மழை. அவள் பையை வாசலில் வைத்துவிட்டு, நனைந்த செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "விசாரண முடியிற வரைக்கும் வர வேணாம்னு சொல்லிட்டாங்கம்மா" என்று தன் தாயிடம் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலே என்னைத் தாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும் என்று அந்த வாசலிலேயே நின்று கேட்டேன். அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது நான்தான்.

இது சென்ற ஓகஸ்ட் மாதம் நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. எங்கள் செபக்குழுவில் பாதிப் பேருக்கு இந்தக் கதையின் ஒரு பக்கம் தெரியும். மறுபக்கத்தையும் சொல்லும்படி பாதர் கேட்டதால் எழுதுகிறேன்.

நான் மாத்தளையில் ஓர் அரச அலுவலகத்தில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். மனைவி மெர்சி. எங்களுக்கு ஒரே பிள்ளை ஷாமினி. கணினிப் பாதுகாப்பில் பட்டப்படிப்பு, மூன்றாம் ஆண்டு. அது என்ன படிப்பு என்று கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: திருடன் எந்த வழியாக வருவான் என்று படித்து, அவன் வருவதற்கு முன்பே அந்த வழியை அடைக்கிற படிப்பு. தமிழ் மொழி மூலம் படித்த பிள்ளை. உயர்தரப் பரீட்சையில் நல்ல இசட் ஸ்கோர் எடுத்து, அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானவள். முதல் ஆண்டு முழுவதும் ஆங்கிலத்தோடு போராடி அழுதாள். நானும் இங்கே அழுதேன்.

மெர்சியின் தங்கை ரெஜினாவின் கணவர் அருள்தாஸ் என் சகலன். சீகிரியாவுக்கு வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிப் போகும் வேன்கள் வைத்திருக்கிறார். அவருடைய மூத்த மகன் கெவினும் அதே படிப்புத்தான், கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் படித்தான். ஷாமினியை விட இரண்டு வயது மூத்தவன். படிப்பு முடியும் முன்பே அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது.

எங்கள் செபக்குழு மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒவ்வொரு வீடாகக் கூடும். செபமாலை முடிந்ததும் யாராவது சாட்சி சொல்வார்கள். அருள்தாஸ் வீட்டில் ஆண்டவர் செய்யாத நன்மை இல்லை. கெவினுக்கு வேலை. கெவினுக்குச் சம்பள உயர்வு. கெவினைக் கம்பனி சிங்கப்பூருக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. ஒவ்வொரு சாட்சிக்கும் எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் தட்டுவேன். உள்ளங்கை சிவக்கத் தட்டுவேன், யாரும் என்னைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று.

முடிந்ததும் தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்காருவார்.

"என்னா சகல, மகளுக்குப் படிப்பு இன்னும் முடியல்லையா?"

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"ஆ, அரசாங்க கேம்பஸ்தானே. அங்க ஸ்ட்ரைக் முடிஞ்சாத்தான் படிப்பு தொடங்கும். படிப்பு முடிஞ்சதும் நம்ம கெவின்கிட்ட சொல்லி ஏதாச்சும் பாத்துக் குடுக்கலாம். யோசிக்காதீங்க."

அவர் அன்பாகத்தான் சொன்னாரோ என்னவோ. நான் அந்த இஞ்சித் தேநீரை அப்படியே கீழே வைத்துவிடுவேன். காசு கொடுத்துப் படித்தவன் மேலே போகிறான், பரீட்சை எழுதித் தெரிவான என் பிள்ளை ஒரு பாடத்துக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாள். இந்தக் கணக்கை நான் பூசையில் முழந்தாளிட்டிருக்கும்போதும் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

விடுமுறைக்கு வந்திருந்த ஷாமினி ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கண்டி பஸ் ஏறிப் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போனாள். நான் அலுவலகத்தில் இருந்தபோது அவளிடமிருந்து போனுக்கு ஒரு லிங்க் வந்தது. அதன் கீழே ஒரு வொய்ஸ் மெசேஜ். கண்டிக்கு வந்துவிட்டேன் என்று சொல்லியிருப்பாள் என நினைத்து அதை விட்டுவிட்டு லிங்க்கைத் திறந்தேன்.

அழகான ஒரு பக்கம். மேலே ஒரு தேவாலயத்தின் படம். இலங்கையின் தமிழ்க் கத்தோலிக்க இளைஞர்களுக்கு இத்தாலியில் முழு உதவியோடு பட்டப்படிப்பு. தமிழில் ஒரு பிழைகூட இல்லை. வெளிநாட்டு விளம்பரங்களில் தமிழைக் கொலை செய்வார்களே, அப்படி இல்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், ஈமெயில், அதன் பாஸ்வேர்ட் ஆகியவற்றை நிரப்பச் சொல்லியிருந்தது.

எனக்கு வந்த முதல் எண்ணத்தை மறைக்க மாட்டேன். இது கெவினுக்குத் தெரியாது. இதுதான் என் முதல் எண்ணம்.

மறுநாள் செபக்கூட்டம் அருள்தாஸ் வீட்டில். கெவினைப் பற்றி இன்னொரு சாட்சி தயாராக இருக்கும். நான் உடனே செபக்குழுவின் போன் குரூப்பில் அந்த லிங்க்கைப் போட்டேன். "எங்கள் ஷாமினி தேடிக் கண்டுபிடித்த அரிய வாய்ப்பு. நமது பிள்ளைகள் அனைவரும் பயன்பெறவும்" என்று எழுதினேன். எழுதியதை இரண்டு தரம் வாசித்து ரசித்தேன்.

சனிக்கிழமை கூட்டத்தில் அருள்தாஸ் சாட்சி சொன்னார். கேட்க ஆளில்லை. எல்லோரும் என்னைச் சுற்றித்தான் நின்றார்கள். "ஒங்க மகளுக்கு எவ்வளவு நல்ல மனசு, எல்லாருக்கும் குடுத்திருக்கே" என்றார் ஸ்டெல்லா டீச்சர். அவர்தான் எங்கள் குழுவை நடத்துகிறவர். தன் இரண்டு பிள்ளைகளின் விவரத்தையும் நிரப்பிவிட்டதாகச் சொன்னார். அருள்தாஸ் மட்டும் மூலையில் உட்கார்ந்து சிரித்த முகத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கிட்டே வந்தார்.

"சகல, இந்த லிங்க் எங்கருந்து கெடச்சது? மகளே அனுப்பினதா?"

"அவளேதான்."

"அப்பிடியா. சரி, சரி. எல்லாருக்கும் நல்லா அனுப்புங்க."

தோற்றுப்போனவரின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு இனிப்பான மாலையை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த வாரம் ஸ்டெல்லா டீச்சரின் போனில் இருந்த கணக்கு ஒன்றை யாரோ கைப்பற்றிவிட்டார்கள். அவருடைய பெயரில் அவருக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் "அவசரம், உதவி செய்யுங்கள்" என்று செய்தி போனது. குரூப்பில் ஒருவர் கேட்டார்: "நாம நிரப்பின அந்த இத்தாலி லிங்க்காலயா?" அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் போன் ஓயவில்லை.

நான் ஷாமினியை அழைத்தேன். "மகள், அந்த இத்தாலி ஸ்கொலர்ஷிப் நெசமானதுதானே? நம்ம செபக்குழுவுல எல்லாரும் நிரப்பிட்டாங்க."

அவள் பதிலுக்கு ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அப்பா, வொய்ஸ் கேட்டீங்களா?"

"எந்த வொய்ஸ்?"

போனை வைத்துவிட்டாள்.

அப்போதுதான் கேட்டேன். அவள் பஸ் இரைச்சலுக்கு நடுவே பேசியிருந்தாள். "அப்பா, இது பொய்ப் பக்கம். எங்களுக்குக் குடுத்த பயிற்சி. ஏமாத்துறவன் எப்பிடி ஏமாத்துவான்னு பாக்க, நம்ம ஆக்கள் நம்புற மாதிரி ஒண்ணு செய்யச் சொன்னாங்க. சம்மதம் சொன்ன நாலு கூட்டாளிகளுக்கு மட்டும்தான் காட்டணும். நீங்க தமிழ் சரியான்னு மட்டும் பாருங்க. வேற யாருக்கும் அனுப்பிறாதீங்க, முக்கியமா செபக்குழுவுக்கு."

என்னைப் பெற்ற தாயை விட என்னை நன்றாகத் தெரிந்தவள் என் மகள்.

அவளும் பயத்தில் ஒரு பிழை செய்தாள். போனை வைத்த கையோடு அந்தப் பக்கத்தையும் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் அழித்துவிட்டாள். குழுவில் ஒருவர் மூலம் விஷயம் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, அழித்ததே அவளுக்கு எதிராக நின்றது. வெளியாட்களின் பாஸ்வேர்டுகளைச் சேர்த்துவிட்டு, பிடிபடப் போகிறோம் என்றதும் அழித்துவிட்டாள் என்று ஆகிவிட்டது. அது நிரூபணமானால் படிப்பு அத்தோடு சரி. அந்தத் துறையில் இனி யாரும் அவளை வாசலில்கூட ஏற்ற மாட்டார்கள். ஸ்டெல்லா டீச்சரும் பொலிசுக்குப் போவதாக இருந்தார்.

"நான் ஒண்ணையும் சேக்கல்லம்மா" என்று அவள் மெர்சியிடம் அழுதது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது. "பட்டன அமத்தினா எழுதினது எங்கயும் போகாது. அங்கயே இல்லாமப் போயிரும். அப்பிடித்தான் செஞ்சேன். ஆனா இப்ப காட்டுறதுக்கு என்கிட்ட ஒண்ணுமே இல்லையே."

மெர்சி வெளியே வந்து என்னிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "தங்கச்சி வீட்டுக்காரர் மேல உள்ள எரிச்சல்ல எம் புள்ளையப் பத்த வெச்சிட்டீங்க."

அதன் பிறகு வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. ஷாமினி சாப்பாட்டுக்கு வருவாள், இரண்டு வாய் சாப்பிடுவாள், எழுந்து போவாள். அலுவலகத்தில் கோப்பைத் திறந்தால் எழுத்துத் தெரியாது. செபிக்க உட்கார்ந்தால் வேறொரு நினைவுதான் வரும்: கெவின் இந்த நேரம் கொழும்பில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, கலேவெல பஸ்ஸில் ஏறி வஹகோட்டை அந்தோனியார் கோயிலுக்குப் போனேன். தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று சிறு வயதிலிருந்து அவரை நம்பி வந்திருக்கிறேன். தொலைந்த குடை, தொலைந்த சாவி எல்லாம் அவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அழிந்துபோன ஒன்றை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

முழந்தாளிட்டதும் செபம் வரவில்லை. சண்டைதான் வந்தது. "அந்தோனியாரே, உமக்கு அருள்தாஸ் வீட்டு விலாசம் மட்டும்தான் தெரியுமா? என் மகள் என்ன குறை செய்தாள்? அவனுடைய மகன் மேலே போகும்போது ஏன் என் பிள்ளை கீழே வர வேண்டும்?" என்று கேட்டேன். வாய்விட்டே கேட்டிருக்க வேண்டும், பக்கத்திலிருந்த ஒரு சிங்களத் தாய் திரும்பிப் பார்த்தார்.

கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனேன். சண்டை போடவும் தெம்பில்லாத ஒரு நேரம் வந்தது. அப்போது என் வாயில் வந்த செபம் இதுதான்: "அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்துத் தாரும். யார் கையால் தந்தாலும் வாங்கிக்கொள்கிறேன்."

எழுந்து வெளியே வந்தேன். வாசலுக்கு அப்பால் மரநிழலில் அருள்தாஸின் வேன் நின்றது. அதில் சாய்ந்தபடி அவர் நின்றார்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. இங்கேயும் வந்துவிட்டானே என்று.

"மெர்சி அக்காதான் சொன்னாங்க நீங்க இங்கன்னு" என்றார். "ஏறுங்க சகல, பேசணும்."

"இங்கயே பேசுங்க."

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "நீங்க அந்த லிங்க்கப் போட்ட அன்னைக்கே நான் அத கெவினுக்கு அனுப்பினேன், சின்னவனுக்கு நிரப்பலாமான்னு கேட்டு. கெவின் பாத்துட்டு உடனே கோல் எடுத்தான். 'அப்பா, இது படிக்கிற புள்ளைங்க செய்ற பயிற்சி. தங்கச்சி செஞ்சதாத்தான் இருக்கும். இதுல எழுதுறது எங்கயும் போகாது, பயமில்ல. ஆனா பெரியப்பா தெரியாம அனுப்பிட்டாரு போல, எடுக்கச் சொல்லுங்க'ன்னான்."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. "அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

"அப்ப சனிக்கிழம ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் எல்லாருக்கும் நல்லா அனுப்புங்கன்னு சொன்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒங்களுக்கு ஒரு வெக்கக்கேடு வரட்டும்னு நெனச்சேன் சகல. சின்னதா ஒண்ணு. கேம்பஸ்ல இருந்து நிப்பாட்டுவாங்கன்னு சத்தியமா நெனக்கல்ல. ஒங்க மகள் கேம்பஸுக்கு எடுபட்ட நாள்லருந்து ரெஜினா என்னைய சும்மா விடல்ல. அக்கா மக படிச்சுப் போனா, நம்ம மகன் காசு கட்டிப் போனான்னு, கறி வைக்கும்போதும் அதே பேச்சு. நான் சாட்சி சொல்ற ஒவ்வொரு தடவையும் ஒங்க மூஞ்சியத்தான் பாத்துச் சொல்லுவேன். நீங்க என்னடான்னா அப்பிடிக் கை தட்டுவீங்க. ஒங்களுக்கு எரியவே இல்லன்னு எனக்கு இன்னும் எரியும்."

சகோதர சகோதரிகளே, அந்த இடத்தில் நான் அவரை அடித்திருக்க வேண்டும். அல்லது மன்னித்திருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. என் நெஞ்சில் முதலில் வந்தது ஓர் இனிப்பு. எங்களைப் பார்த்தும் ஒருவர் பொறாமைப்பட்டிருக்கிறார்! என் பிள்ளையை நினைத்து அந்த வீட்டிலும் ஒருவருக்குச் சோறு இறங்கவில்லை! கோயில் வாசலில், மகளின் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நான் அதற்காகச் சந்தோஷப்பட்டேன். அதை உணர்ந்ததும் அப்படியே வேனின் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அருள்தாஸ் பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து தந்தார். பிறகுதான் முக்கியமானதைச் சொன்னார். முந்தின நாள் ரெஜினா வாயால் ஷாமினியின் கதையைக் கேட்ட கெவின், தகப்பன் மேல் பாய்ந்திருக்கிறான். பாய்ந்துவிட்டுச் சொல்லியிருக்கிறான்: "நான் அந்தப் பக்கத்த முழுசா கொப்பி எடுத்து வெச்சிருக்கேன். சந்தேகமா ஒண்ணு வந்தா எடுத்து வெக்கிறது எங்க வேலைல பழக்கம். எந்த நாள் எடுத்ததுன்னும் காட்டலாம்."

தொலைந்தது கிடைத்துவிட்டது. நான் யார் கையை நினைத்துப் பல்லைக் கடித்தேனோ அதே கையில்.

நாங்கள் இருவரும் திரும்ப உள்ளே போய் முழந்தாளிட்டோம். அவர் என்ன செபித்தார் என்று கேட்கவில்லை. நான் "சரி" என்று மட்டும் சொன்னேன்.

விசாரணைக்கு நானும் ஷாமினியும் போனோம். கெவின் லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்தான். என் போனிலிருந்த வொய்ஸ் மெசேஜை அந்த அறையில் எல்லோருக்கும் முன்னால் போட்டார்கள். தமிழ் தெரிந்த ஒரு விரிவுரையாளர் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். "முக்கியமா செபக்குழுவுக்கு" என்ற இடத்தில் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஏன் கேட்காமல் அனுப்பினீர்கள் என்று என்னைக் கேட்டார்கள். "சொந்தக்காரர் ஒருவரை முந்த வேண்டும் என்ற அவசரம்" என்றேன். அந்தச் சொந்தக்காரரின் மகன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

பிறகு கெவின் எழுந்து, தான் எடுத்து வைத்திருந்த பிரதியைத் திறந்து, அந்தப் பக்கத்தில் எழுதியது எதுவும் எங்கும் போகவில்லை என்பதை ஒவ்வொன்றாக விளக்கினான். அவர்களும் தங்கள் கணினியில் போட்டுப் பரிசோதித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், என் மகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும், அவன் தடங்கலில்லாமல் ஆங்கிலம் பேசிய அழகைப் பார்த்து எனக்குள் ஏதோ சுட்டது. "ஆண்டவரே, இப்போதாவது" என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

ஷாமினியின் இடம் தப்பியது. பக்கத்தைப் பூட்டி வைக்காமல் விட்டதற்கு எச்சரிக்கை கொடுத்தார்கள். அந்தப் பாடத்தை அடுத்த தொகுதி மாணவர்களோடு திரும்பச் செய்ய வேண்டும், அதனால் பட்டம் கொஞ்சம் தாமதமாகும். ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு அவளே போய், பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கணக்கை மீட்டுக் கொடுத்தாள். பார்சல் வந்திருக்கிறது என்று சொல்லிப் பேசிய யாரோ ஒருவனுக்கு டீச்சர் தன் போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லியிருக்கிறார். இத்தாலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இப்போது டீச்சர் கேட்டுக்கொண்டதால், விடுமுறைக்கு வரும்போதெல்லாம் செபக்கூட்டம் முடிந்ததும் ஷாமினி இப்படிப்பட்ட ஏமாற்றுகளைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தருகிறாள். அந்த நேரத்தில் எல்லோரும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

அவள் என்னோடு பேச இன்னும் சில வாரங்கள் சென்றன. முதலில் ஒரு வொய்ஸ் மெசேஜ்தான் வந்தது. "அப்பா, இனிமே ஒவ்வொரு வொய்ஸ்லயும் கடைசில ஒரு சொல்லு வெப்பேன். அது என்னான்னு எழுதி அனுப்பினாத்தான் கேட்டீங்கன்னு நம்புவேன். இன்னைக்குச் சொல்லு பலாக்காய்." நான் அலுவலக மேசையிலேயே அழுதுகொண்டு பலாக்காய் என்று எழுதி அனுப்பினேன். அன்றிலிருந்து அவள் குரலைக் கடைசி வரை கேட்காமல் நான் எந்த வேலையும் தொடுவதில்லை.

என் பொறாமை மறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்ச்சாட்சி. கெவினுக்கு இப்போது வெளிநாட்டில் வேலை வரப்போகிறதாம். கேட்டதும் எரிந்தது. எரியும்போது ஒன்று செய்கிறேன். அவன் பெயரைச் சொல்லி ஓர் 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்கிறேன், அதற்குப் பிறகுதான் ஷாமினிக்காக. சில நாள் ஒன்று போதும். சில நாள் முழுச் செபமாலையும் அவனுக்கே போய்விடுகிறது.

உங்களிலும் யாராவது அடுத்த வீட்டுச் சாட்சிக்கு வாயால் ஆமென் சொல்லி மனத்தால் புழுங்கிக்கொண்டிருக்கலாம். அந்தப் புழுக்கத்தோடேயே போய் முழந்தாளிடுங்கள். மனம் சுத்தமாகட்டும், பிறகு செபிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் சண்டை போட்டுத்தான் கேட்டேன், அதையும் அவர் கேட்டார். ஒன்று மட்டும் சொல்கிறேன். யார் கையால் தந்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று சேர்த்துக் கேளுங்கள். அதைச் சொல்வதுதான் கஷ்டம்.

நன்றி சொல்ல வஹகோட்டைக்கு மறுபடி போனபோது இரண்டு மெழுகுதிரி ஏற்றினேன். ஒன்று ஷாமினிக்கு, ஒன்று கெவினுக்கு. ஒரே கடையில் வாங்கியவை, ஒரே உயரம். எது நின்று எரிகிறது, எது முதலில் சாய்கிறது என்று பார்க்கக் கண் இழுத்தது. நான் பார்க்கவில்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு வந்தேன். அங்கே வேனை இயக்கி வைத்துக்கொண்டு என் சகலன் காத்திருந்தார்.